யாருடைய ஆட்கள்?

செய்யூர் கந்தசாமி கோயிலுக்குப் போனவர்கள் அங்கே நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு வேதாளங்கள் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியது ஒரே ஒரு வேதாளந்தான். அதுவே அவனைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் வாய் திறவாதிருந்தால் தலை சுக்குநூறாகிவிடும் என்பது அதன் நிபந்தனை. நம் தொழில் முதலாளிகள் பலருடைய தோளிலும் இப்போது அத்தகைய கேள்வி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. விடை எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் மனம் வருவதில்லை.

சென்ற மாதம் சுவாமி தரிசனத்தை முடித்துக்கொண்டு அவ்வூரில் என் பால்ய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் கடலோரக் கழிப்பக்கம் சில உப்பளங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். நாணயஸ்தர், தருமத்துக்கும் அஞ்சுகிறவர். வழக்கமாக என்னைக் கண்டதும் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பவர், அன்று காகிதக் கட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்தார். பி.காம். படித்துவிட்டு அப்பாவின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய பெண் பக்கத்தில் நின்றாள்.

"தொழிலாளர் இலாகா அதிகாரி எந்த நாளும் வரலாமாம். அக்கம்பக்கத்தில் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டார்கள். நம்மிடம் எல்லாம் சரியாக இருக்கிறது. இருந்தாலும் நீர் ஒரு முறை பார்த்துச் சொல்லும்" என்றார் நண்பர்.

"எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"என் ஆட்கள் நாலே பேர். பாத்தி கட்டுவது, உப்பு வாருவது, சுமப்பது எல்லாம் மேஸ்திரியின் ஆட்கள்; அறுபது பேருக்குக் குறையாது."

"அந்த அறுபது பேர் வாருகிற உப்பு யாருடையது?"

நண்பர் சிரித்தார். "உப்பு என்னுடையதுதான். ஆட்கள் மேஸ்திரியுடையவர்கள்" என்றார். வேதாளம் முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டது!

காகிதங்களைப் பார்த்தேன். குற்றம் சொல்ல இடமில்லை. ஹாஜர்ப் பட்டியல் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. ஒவ்வொருவர் பெயரிலும் பாங்கிக் கணக்கு. ஒவ்வொரு வாரமும் சம்பளம் அந்தக் கணக்குக்குப் போனதற்கு அத்தாட்சி. நண்பர் பெருமையோடு என் முகத்தைப் பார்த்தார். அவருடைய பெண்ணின் முகத்தில் மட்டும் பெருமையைக் காணவில்லை. "காகிதம் சரியாகத்தான் இருக்கிறது, மாமா. அளத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே" என்றாள்.

மூவரும் போனோம். மாலை நாலு மணி வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. வெடித்த பாதங்களோடு பெண்கள் தலைச்சுமையாக உப்பைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஓர் அம்மாள் என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்தாள். புதிய முகம், கையில் காகிதம், மூக்கில் கண்ணாடி. என்னை அதிகாரி என்றே எண்ணிவிட்டாள் போலும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கத் தொடங்கினாள்: "சம்பளம் பாங்கிலே வருதுங்க. கொறைக்காம வருதுங்க. தண்ணி குடுக்கறாங்க. வாரத்துல ஒரு நாள் லீவு உண்டுங்க."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அன்று அது. மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. ஆனால் அது பாடம் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் மட்டும் கிழவியின் அருகே வரப்பில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். பாங்கிக் கார்டு எங்கே என்று கேட்டாள். "அது மேஸ்திரிகிட்ட இருக்குதும்மா. மழைக்காலத்துல வேலை இல்லாதப்போ முன்பணம் வாங்கினோமில்லே, அதுக்கு ஈடு. எல்லார் கார்டும் அவருகிட்டத்தான்" என்றாள் கிழவி. வாரந்தோறும் மேஸ்திரி எல்லாக் கார்டுகளையும் கொண்டுபோய்ப் பணத்தை எடுத்து, கடனுக்கு என்றும் கமிஷனுக்கு என்றும் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுப்பது வழக்கமாம். கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியாது. "அளத்துக்குச் சொந்தக்காரர் யார், பாட்டி?" என்று கடைசியாகக் கேட்டாள் பெண். "எனக்கு எங்கேம்மா தெரியும்? மேஸ்திரி கூட்டியாராரு, வேலை செய்யறோம்" என்றாள் கிழவி. சொந்தக்காரர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் அங்கே பன்னிரண்டு வருஷமாக உப்புச் சுமக்கிறாள்.

அன்றிரவு நண்பர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கே நேயர்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உப்பளம் எல்லோரிடமும் இல்லைதான். ஆனால் வீடு கட்டும் கொத்து வேலையிலிருந்து பெரிய யந்திரசாலை வரையில், மேஸ்திரி அல்லது காண்டிராக்டர் மூலமாக ஆள் வைக்காத தொழில் இன்று ஏது?

மேஸ்திரி முறை நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் ஜனங்களை அழைத்துப் போன கங்காணி யார்? முன்பணம் கொடுத்து, கடனில் மாட்டி, கூலியைத் தன் கை வழியாக விட்ட மனிதனே அவன். துரைக்குத் தெரிந்தவன் கங்காணி. கூலிக்குத் தெரிந்தவனும் கங்காணி. துரையும் கூலியும் ஒருவரை ஒருவர் அறியார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931-இல் அறிக்கை வெளியிட்டபோது, இடைத்தரகர் மூலம் ஆள் சேர்ப்பதையும் காண்டிராக்ட் முறையையும் கண்டித்தது. அன்னிய ஆட்சியின் கமிஷனே கண்டித்த முறையைச் சுதந்திர நாட்டில் நாம் கணிப்பொறியும் பாங்கிக் கார்டும் வைத்து நடத்துகிறோம் என்றால், கங்காணிக்கு வேஷம் மாறியிருக்கிறதே தவிர வேலை மாறவில்லை என்றுதானே பொருள்?

"உப்பளம் திறந்த வெளிதானே, தொழிற்சாலைச் சட்டம் எப்படி வரும்?" என்று நண்பர் கேட்டார். இதே வாதத்தைப் பம்பாய்ப் பக்கத்து உப்பளக் குத்தகைதாரர் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் கொண்டு போனார். ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கு என்று அதற்குப் பெயர். 1961-இல் தீர்ப்பாயிற்று. கட்டடம் இல்லாத வெட்டவெளியும் தொழிற்சாலை வளாகமாகலாம். கடல் நீரை உப்பாக மாற்றுவதும் உற்பத்தித் தொழிலே. ஆகவே உப்பளமும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று நீதிபதிகள் சொன்னார்கள். கூரை இல்லாததனால் சட்டம் இல்லாமற் போய்விடாது.

காண்டிராக்ட் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் 1970-இல் பிறந்து 1971-இல் அமலுக்கு வந்தது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களை அது கட்டுப்படுத்திற்று. 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாகி, பழைய சட்டத்தின் இடத்தைத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ஆம் வருஷத்துத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. இப்போது ஐம்பது பேரிலிருந்துதான் காண்டிராக்ட் விதிகள் ஆரம்பமாகின்றன. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே நிற்கும் ஏழைகளை நினைத்தால் இந்த மாறுதலைப் பாராட்ட மனம் வரவில்லை. ஆயினும் சம்பளத்தைப் பற்றிய தொகுப்பு தலைகளை எண்ணுவதில்லை. ஒரே ஆள் இருந்தாலும் அதன் குறைந்தபட்சக் கூலி விதி உண்டு என்பதை மறக்கக்கூடாது.

"பருவ வேலைதானே, நிரந்தர வேலை அல்லவே" என்று தப்பவும் வழியில்லை. பருவத் தொழிலானால், வருஷத்தில் அறுபது நாளுக்கு மேல் நடந்தாலே அது விட்டுவிட்டு நடக்கும் சில்லறை வேலை ஆகாது என்று சட்டம் கூறுகிறது. உப்புக் காலம் அறுபது நாளிலா முடிகிறது?

இனி, சோதனைக்குத் தயாராவது எப்படி?

முதலாவது, ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேஸ்திரியின் பட்டியலை வாங்கி வைப்பது போதாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்து ஆளில்லாத பெயர்களும், ஆளிருந்து பட்டியலில் இல்லாத முகங்களும் அப்போதுதான் வெளிப்படும். ஒவ்வொருவருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்பது இப்போது சட்டம்.

இரண்டாவது, மேஸ்திரியிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பது காண்டிராக்ட் ஆட்களை வைப்பவர் லைசென்ஸ் இல்லாமல் வேலை நடத்தக்கூடாது. அதோடு, எந்த வேலைக்கு அவரை வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு ஸ்தாபனத்தின் மூலத் தொழிலில் காண்டிராக்ட் ஆட்களை வைப்பதைப் புதிய தொகுப்பு பொதுவாகத் தடுக்கிறது; வழக்கமாகவே காண்டிராக்டர் மூலம் நடந்துவரும் வேலைக்கும், திடீரென்று வேலை பெருகும் சமயத்துக்கும் விலக்குகள் உண்டு. மூட்டை ஏற்றி இறக்குவது வேறு; உப்பளத்தில் உப்பு வாருவது வேறு. விலக்கு தமக்குப் பொருந்துமா என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். பேருக்கு ஒரு காண்டிராக்டரை முன்னே நிறுத்தி, உண்மையில் வேலை வாங்குவது முதலாளியே என்றால், அந்த ஆட்கள் முதலாளியின் ஆட்களே என்று 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, கூலி. தினக்கூலி அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலி வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலும், மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழு நாளுக்குள்ளும் சேரவேண்டும். அதிக நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது கூடாது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காண்டிராக்டர் பாங்கி மூலமாகக் கொடுத்து, கொடுத்த தொகையை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கொடுக்கத் தவறினால் முதலாளியே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். "நான் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்" என்பது பதிலாகாது. பணம் கணக்குக்குப் போயிற்றா என்பது பாதிக் கேள்வி. கைக்குப் போயிற்றா என்பதுதான் முழுக் கேள்வி. ஆகவே கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

நாலாவது, முன்பணம். இதில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. கடன் கொடுத்ததைக் காட்டி ஒருவரை வேறிடம் போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி கொத்தடிமை, அது குற்றம். செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு வந்த செய்திகளை நம் வட ஜில்லாக்களில் படிக்காதவர் யார்? அங்கெல்லாம் ஆரம்பம் ஒரு சிறு முன்பணந்தான். பருவம் ஓய்ந்த மாதங்களில் கைமாற்றுத் தேவைப்படுவது இயற்கை. அதை முதலாளியே நேரில் கொடுத்து, சீட்டில் எழுதி, சிறு சிறு தவணையாகக் கழிக்கலாம். மழைக் காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2022-இல் அறிவித்தது. இப்படிப்பட்ட உதவி கிடைக்க என்ன பதிவு வேண்டும் என்று விசாரித்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, படித்த வீட்டுப் பெண்கள் அரை நாளில் செய்துவிடக்கூடிய கைங்கரியம்.

ஐந்தாவது, சௌகரியங்கள். குடிநீர், நிழல், கை கால் அலம்பும் இடம், ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனிக் கழிப்பிடம், முதலுதவிப் பெட்டி. பழைய சட்டத்தில் இவற்றைச் செய்வது முதலில் காண்டிராக்டரின் பொறுப்பு. அவர் தவறினால்தான் முதலாளி. புதிய தொகுப்பில் காண்டிராக்ட் ஆட்களுக்கான இத்தகைய நலன்கள் நேரே முதலாளியின் பொறுப்பாகிவிட்டன. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கான இடமும் வேண்டும். உப்பளத்துக்கு வேண்டியவை இன்னும் இரண்டு: காலுக்கு ரப்பர்ச் செருப்பு, கண்ணுக்கு வெயில் கண்ணாடி.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். ஆப்பிள் கம்பெனிக்குத் தொலைபேசி செய்து கொடுக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாயிற்று; பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் சென்னை-பெங்களூர் ராஜபாட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரம் மூடிக் கிடந்தது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகத்துக்கெல்லாம் யந்திரம் செய்து அனுப்பும் இடத்தில் சமையலறையையும் படுக்கையறையையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இத்தனை விபரீதம் நேர்ந்திராது.

ஆறாவதாக ஒன்று. அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று ஆட்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். சோதனை நாளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். புதிய தொகுப்பில் அதிகாரிக்கு இன்ஸ்பெக்டர் என்பதோடு உதவுகிறவர் என்று பொருள்படும் ஒரு பட்டமும் சேர்ந்திருக்கிறது. எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைக் கணிப்பொறி சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. சம்பளத் தொகுப்பின்படி முதல் முறை குறை கண்டால், வழக்குப் போடுமுன் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொல்லுகிறவனுக்கு அவகாசம் உண்டு. ஒப்பிக்கிற பாடத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அதிகாரியின் காது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் அதிகாரி அல்ல. எனக்கே அது தெரிந்துவிட்டதே!

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார்கள். ஒரு பிடி உப்புக்காக அடியும் சிறையும் ஏற்றார்கள். உப்பு இந்த நாட்டு ஜனங்களின் சொத்து என்று ஊரெல்லாம் சொன்னோம். அந்த உப்பை வெயிலில் சுமக்கிறவள் இந்த நாட்டு ஜனங்களில் சேர்ந்தவள் இல்லையா? அவளுடைய கூலிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேறொருவர் வைத்திருக்கும் வரையில், அந்தத் தொண்டர்கள் நடந்த நடை இன்னும் ஊர்போய்ச் சேரவில்லை.

சென்ற வாரம் நண்பரின் பெண் கடிதம் எழுதியிருந்தாள். மேஸ்திரி முதலில் முறைத்துக்கொண்டாராம். ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயமுறுத்தினாராம். அப்பா இரண்டு நாள் தூங்கவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் தாமே அளத்துக்குப் போய், எல்லோர் எதிரிலும் கடன் கணக்கைப் படிக்கச் சொன்னாராம். பலருக்குக் கடன் எப்போதோ தீர்ந்து போயிருந்ததாம். மேஸ்திரி போய்விடவில்லை. கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாராம். கூலிக் கணக்கில் அப்பாவுக்கு இந்தப் பருவம் லாபம் குறையும் என்றும் எழுதியிருந்தாள். அதை மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லையாம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு செய்தி. புதிய பதிவேட்டில் பெயர் எழுதும்போது அந்தக் கிழவியிடம் பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் போகவில்லையாம். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே, "என் பேரை எழுதிக்கிட்டீங்க. ஐயா பேரு என்னங்க? நானும் தெரிஞ்சு வெச்சுக்கறேன்" என்று கேட்டாளாம்.

நண்பர் எழுந்து நின்று தம் பெயரைச் சொன்னாராம்.